ஜூலியற் கேட்ட தவணை

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியற்றும்’ என்ற நாடகத்தைப் பற்றி நமது வகுப்பறைகளில் நெடுங்காலமாக ஒரு தீர்ப்பு வழங்கி வருகிறது. பக்குவமடையாத இளைஞர் இருவர் உணர்ச்சிவசப்பட்டு அவசரப்பட்டனர். அவ்வவசரமே அவர்களை மாய்த்தது என்பதே அத்தீர்ப்பு. பதறிய காரியம் சிதறும் என்ற பழமொழியையும் இறுதியிற் சேர்த்துவிட்டால் பரீட்சை விடை நிறைவுபெற்றுவிடும். ஆசிரியருக்கு இது வசதியான விளக்கம். பெற்றோருக்கு உவப்பான விளக்கம். நாடகத்தை மீண்டும் ஒருமுறை விரித்துப் படிக்க வேண்டிய தேவையை அது எவருக்கும் ஏற்படுத்துவதில்லை.

இத்தீர்ப்பு நாடகத்திலும் பழையது. ஆதர் புறூக் என்பவர் 1562ஆம் ஆண்டு வெளியிட்ட நெடுங்கவிதையையே ஷேக்ஸ்பியர் தமது கதைக்கு மூலமாகக் கொண்டார். அதன் முன்னுரையில் புறூக் நீதிபதியின் ஆசனத்திலிருந்து பேசுகிறார். தகாத இச்சைக்கு அடிமைப்பட்டு, பெற்றோரின் அதிகாரத்தையும் நண்பரின் அறிவுரையையும் புறக்கணித்து, வம்பளக்கும் பெண்டிரையும் மூடநம்பிக்கை கொண்ட துறவிகளையும் துணைக்கொண்டதால் அழிந்த காதலரின் கதை இது என வாசகரை எச்சரிக்கிறார். (அவரது கவிதை அம்முன்னுரையைவிட இரக்கமுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னுரையில் ஒழுக்கம் போதித்துவிட்டு உள்ளே கதைமாந்தரோடு சேர்ந்து கண்ணீர் வடிக்கும் ஆசிரியர்கள் எம்மொழியிலும் உளர்.) முப்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் கழிந்து, 1590களின் நடுப்பகுதியில், அதே கதையை மேடைக்கு எடுத்த ஷேக்ஸ்பியர் அந்த முன்னுரையின் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. காதலியின் வயதைக் குறைத்தார். கதை நிகழும் காலத்தைச் சுருக்கினார். பக்குவம், அவசரம் என்ற இரு சொற்களையும் இந்நாடகத்தின்மேல் ஏவுவோர் இவ்விரு மாற்றங்களையும் முதலிற் கவனித்தல் வேண்டும்.

புறூக்கின் ஜூலியற்றுக்கு ஏறத்தாழ 16 வயது. ஷேக்ஸ்பியரின் ஜூலியற்றுக்கு 14 வயது நிறைவடைய இன்னும் இரண்டு வாரமும் சில நாட்களும் இருக்கின்றன. பிற்காலத்தார் இவ்வயதைக் கண்டு கூசினர். 1748இல் தமது மேடைப் பிரதியை அரங்கேற்றிய பெருநடிகர் டேவிட் கரிக் அவளை 18 வயதினளாக்கினார். அக்கால இங்கிலாந்திற் பெண்கள் 13 வயதில் மணம் புரிவது வழக்கந்தானே என்று சமாதானம் கூறுவோரும் உளர். அது சரியன்று. திருச்சபைச் சட்டம் 12 வயதுப் பெண்ணின் திருமணத்தை அனுமதித்தது உண்மையே. ஆயினும், தேவாலயப் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெற் 1965இல் வெளியிட்ட நூலில் காட்டியவாறு, சாதாரண ஆங்கிலப் பெண்கள் இருபதுகளின் நடுப்பகுதியிலேதான் மணம் புரிந்தனர். உழைத்துச் சிறிது பொருள் சேர்த்த பின்பே அவர்களாற் குடும்பம் அமைக்க முடிந்தது. சிறுமியரின் திருமணம் செல்வர் வீடுகளிற்கூட அடிக்கடி நிகழ்ந்ததன்று. நிகழ்ந்த இடங்களில் சொத்தும் குலமும் அதற்குக் காரணமாயிருந்தன. ஆகவே, மேடையில் 13 வயதுச் சிறுமியின் திருமணப் பேச்சைக் கேட்ட இலண்டன் கைவினைஞன் அதனைச் சாதாரணச் செய்தியாகக் கொண்டிருப்பான் என்று நாம் எண்ணக் காரணமில்லை.

அப்பேச்சைத் தொடங்குபவர் ரோமியோ அல்லன். அவளது தாய். இளவரசனின் உறவினனான பரிஸ் பிரபு உன்னை விரும்புகிறான், நீ என்ன சொல்கிறாய் என்று மகளைக் கேட்கிறாள். உன் வயதில் நான் உனக்குத் தாயாகிவிட்டேன் என்றும் சொல்கிறாள். செவிலித்தாய் கைகொட்டி மகிழ்கிறாள். அதற்குச் சற்று முன்னர் தந்தை கபுலெற், பெண் இன்னும் சிறியவள், இரண்டு கோடைகாலம் போகட்டும் எனப் பரிஸிடம் நிதானமாகக் கூறியிருந்தார். அவளது சம்மதமே முதன்மையானது, தமது விருப்பம் அதில் ஒரு பகுதி மாத்திரமே என்றும் கூறியிருந்தார். நாடகத்தில் மிகவும் விவேகமான பேச்சு இதுதான். இது ஞாயிற்றுக்கிழமை நிகழ்கிறது. திங்கட்கிழமை இரவு, மகளை ஒரு வார்த்தை கேளாமலே, வியாழக்கிழமை திருமணம் என்று அவர் பரிஸுக்கு வாக்களித்துவிடுகிறார்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பரிஸை மணக்கப் பக்குவம் வந்தவள் ரோமியோவை மணக்க மட்டும் பக்குவம் வராதவளாகிவிடுகிறாள். அவ்வீட்டிற் பக்குவம் என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிவு என்பதே பொருள். பெண்ணின் அறிவு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் அளக்கவில்லை. அவள் எவ்வளவு வளைவாள் என்பதையே அளந்தனர்.

இனி, கால அளவு. புறூக்கின் கதை மாதக் கணக்கில் நீள்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகமோ ஞாயிறு காலையில் தொடங்கி வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது. ஞாயிறு இரவு சந்திப்பு, திங்கள் பிற்பகல் திருமணம், அதனையடுத்து இரு கொலைகள், அன்றிரவே ஒரு கூடல், செவ்வாய் விடியலிற் பிரிவு, அன்றிரவு மயக்கமருந்து. இந்த வேகத்தைக் காட்டியே இளமையின் மேல் குற்றஞ் சாட்டப்படுகிறது. ஆனால், நாடகத்தில் விரைந்தோடுபவர் இளையோர் மாத்திரமா? முதற்காட்சியிலே இரு வீட்டு வேலைக்காரர்கள் தெருவில் முட்டிக்கொள்கிறார்கள். சண்டை அவர்களுடையதன்று, எசமானர்களுடையது. சத்தம் கேட்டவுடன் முதியவர் கபுலெற் வீட்டங்கியுடன் ஓடிவந்து தமது நீண்ட வாளைக் கொண்டுவரும்படி கூவுகிறார். வாள் எதற்கு, ஊன்றுகோல் போதுமே என்று மனைவி பரிகசிக்கிறாள். மறுபுறத்தில் மொந்தேகுவின் மனைவி தன் கணவனைப் பிடித்து நிறுத்துகிறாள். இவர்கள் இளைஞரல்லர். முகமூடி அணிந்து ஆடிய காலம் போய் 25 ஆண்டுகளா, 30 ஆண்டுகளா என்று தம் உறவினனுடன் விருந்து மண்டபத்தில் வாதிடும் வயதினர் கபுலெற். ஆத்திரத்தை அடக்கும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டேயிருக்கும் என்று இன்றைய நரம்பியலாளர் கூறுகின்றனர். ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கட்டும். கபுலெற்றின் ஆத்திரத்துக்கு அதில் விளக்கமில்லை. அவரது ஆத்திரத்துக்கு வேண்டிய விளக்கம் வெரோனாவின் சமூக அமைப்பிலே, குலத்தின் மானத்தையும் சொத்தையும் வாளாற் காக்கும் பிரபுத்துவ ஒழுங்கிலே இருக்கிறது. அப்பகை எதனால் உண்டானது என்பதை நாடகம் எங்குமே கூறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. காரணம் மறந்துபோன பகையை ஓர் ஊர் முழுவதும் சுமக்கிறது.

இவ்வாறு கூறுவதால் ரோமியோவை நாம் குற்றத்திலிருந்து முற்றாக விடுவித்துவிட முடியாது. ஞாயிறு காலையில் றோசலினுக்காக ஏங்கிக் கண்ணீர் வடித்தவன், இரவில் ஜூலியற்றின் முகத்தைக் கண்டவுடன் அவளை மறந்தான். இவன் தன் காதலை விட ஏக்கத்தையே அதிகம் நேசிப்பவனோ என்ற ஐயம் நியாயமானதே. எனினும், அவனது பெருந்தவறு காதலில் நிகழவில்லை. திங்கட்கிழமை நண்பகல் கழிந்து, திருமணம் முடிந்து வரும் ரோமியோவைத் திபோல்ற் வம்புக்கிழுக்கிறான். ரோமியோ வாளை எடுக்க மறுக்கிறான். கபுலெற் என்ற பெயர் தன் பெயரைப் போலவே தனக்கு அருமையானது என்கிறான். வெரோனாவின் தெருவில் அதுவரை எவரும் பேசாத பேச்சு அது. அந்த அமைதியை இழிவான அடிபணிதல் என்று கருதி, எவ்வீட்டையும் சேராத நண்பன் மேர்க்கியூசியோ வாளை உருவுகிறான். ரோமியோ இடையிற் புகுந்து தடுக்கும்போதே குத்துண்டு சாகிறான். அதன் பின்பே ரோமியோ, காதல் தன்னைப் பெண்போலாக்கிவிட்டது என்று வெட்கி, திபோல்ற்றைக் கொல்கிறான். இங்கு அவனை ஆட்டுவித்தது காதலன்று. ஆண்மை, மானம், பழிக்குப் பழி என்று அவன் பிறந்த நாள் முதல் அவ்வூர் ஊட்டி வளர்த்த நஞ்சு. காதலனாக நின்ற சில நிமிடங்களில் அவன் தன் தந்தையை விடவும் முதிர்ந்தவனாயிருந்தான். மொந்தேகுவின் மகனாக மீண்டும் மாறியபோதுதான் அறிவிழந்தான். அவசரக்காரன் என்று அவனைக் கண்டிப்போர் இக்காட்சியை ஏனோ ‘வீரம்’ என்ற தலைப்பின் கீழ் மன்னித்துவிடுகின்றனர்.

ஜூலியற்றின் கதை வேறு. காதலர் இருவரையும் ஒரே தராசிலிட்டு நிறுப்பதே நமது விமர்சனத்தின் பெருங்குறை. ஞாயிற்றுக்கிழமை தாய் கேட்டபோது, உங்கள் அனுமதி எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரமே என் பார்வையும் செல்லும் என்ற பொருள்படப் பதிலளித்த பணிவான சிறுமி அவள். அன்றிரவே மாடத்தில் நின்று, ஒருவனது பெயருக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று சிந்திக்கிறாள். குலப்பெயர் கையுமன்று, காலுமன்று, மனிதனின் எந்த உறுப்புமன்று என்ற அவளது வாதம், வெரோனாவின் சமூக ஒழுங்கின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது. ரோமியோ சந்திரனைச் சாட்சிக்கு அழைக்கிறான். மாதந்தோறும் மாறும் சந்திரன் எதற்கு என்று அவள் தடுக்கிறாள். இந்த உடன்பாடு மிகவும் திடீரென நிகழ்கிறது, மின்னலைப் போன்றது, ஆகவே எனக்கு அச்சமாயிருக்கிறது என்று முதலிற் சொல்பவளும் அவளே. நமது விடைத்தாள்களில் எழுதப்படும் எச்சரிக்கையை அவள் 400 ஆண்டுகளுக்கு முன்பே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னர், உன் எண்ணம் திருமணமாயின் நாளை ஆள் அனுப்புகிறேன், இடமும் நேரமும் சொல்லியனுப்பு என்று காரியத்துக்கு வருகிறாள். ஆளனுப்பும் நேரம் காலை ஒன்பது மணி என்பதும் அங்கேயே தீர்மானமாகிறது. கவிதை பொழிபவன் அவன். நாளையை எண்ணிப் பார்ப்பவள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலையிலே அவளுக்குச் சோதனை வருகிறது. வியாழன் திருமணம் என்ற செய்தியைத் தாய் அறிவிக்கிறாள். அதே உரையாடலிலே, மாந்துவா நகருக்கு ஆளனுப்பி ரோமியோவுக்கு நஞ்சூட்டச் செய்வேன் என்றும் தாய் ஆறுதல் கூறுகிறாள். தந்தை வருகிறார். மறுத்தால் வண்டியில் இழுத்துச் செல்வேன், தெருவிற் பிச்சையெடுத்துப் பட்டினி கிடந்து சாவாய் என்று அவர் கொதிக்கிறார். நீ என்னுடையவளாயின் உன்னை என் நண்பனுக்குக் கொடுப்பேன் என்பது அவரது வாதம். பொருளை உடையவன் பொருளைக் கொடுப்பதற்குப் பொருளின் சம்மதம் எதற்கு? ஏனைய பிள்ளைகளை மண் விழுங்கிவிட, எஞ்சிய ஒரே பிள்ளை அவள். வீட்டுச் சொத்தின் ஒரே வாரிசு. திபோல்ற்றின் கொலையால் இளவரசனின் சினத்துக்கு அஞ்சும் குடும்பத்துக்கு இளவரசனின் உறவினனான மருமகன் அவசரமாகத் தேவைப்பட்டிருப்பான் என்று நாம் ஊகிப்பதிலும் தவறில்லை.

இந்நிலையில் ஜூலியற் என்ன கேட்டாள்? தாயை நோக்கி, இத்திருமணத்தை ஒரு மாதம், அதுவும் இயலாதாயின் ஒரு வாரமாவது பிற்போடுங்கள் என்று மன்றாடினாள். தாய் பேச மறுத்துத் திரும்பிப் போகிறாள். நாடகம் முழுவதிலும் மூத்தோரிடம் தவணை கேட்டு மண்டியிட்டவள், அவசரக்காரி என்று நாம் தூற்றும் அச்சிறுமி ஒருத்தியே. அத்தவணை மறுக்கப்பட்டது. அன்று மாலையே, மகள் பணிந்துவிட்டதாக நம்பிய தந்தை, மகிழ்ச்சி மேலீட்டால் வியாழனைப் புதனாக மாற்றுகிறார். அந்த ஒரு நாளும் பறிபோனது. மாந்துவாவுக்குச் செல்ல வேண்டிய கடிதம், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஒரு வீட்டினுள் அடைத்து வைக்கப்பட்ட துறவியின் கையிலேயே தங்கிவிட்டது. கடிதம் தவறியதை விதி என்போர் கூறட்டும். மாற்று வழி தேட எஞ்சியிருந்த நாளைக் குறைத்தது விதியன்று.

இங்கு ஒழுக்கவாதிகள் தவறவிடும் சட்டப்பிரச்சினை ஒன்றும் உண்டு. பழைய திருச்சபைச் சட்டத்தின்படி இருவர் மனமொத்துக் கொடுக்கும் வாக்கே திருமணத்தின் உயிர். பெற்றோர் சம்மதியாமை அதனை வெறிதாக்காது. கத்தோலிக்க நாடுகளில் ட்ரென்ற் சங்கம் 1563இலேதான் பங்குக்குருவையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் இரகசியத் திருமணங்களை ஒழிக்கும் சட்டம் 1753 வரை வரவில்லை. ஆகவே அன்றைய பார்வையாளரின் கண்ணில் ஜூலியற் ஏற்கனவே ஒருவனின் மனைவி. செவிலித்தாய்க்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே, அவன் நாடு கடத்தப்பட்டுவிட்டான், பிரபுவையே மணந்துகொள், அவன் இவனைவிட அழகன் என்று அவள் புத்திமதி கூறுகிறாள். உலகியல் அனுபவம் என்றும் பக்குவம் என்றும் நாம் போற்றுவது பெரும்பாலும் இதுதான். வளைந்து கொடு, மறந்துவிடு, பிழைத்துக்கொள். தன்னைப் பாலூட்டி வளர்த்தவளிடம் இச்சொற்களைக் கேட்ட அச்சிறுமி கத்தவில்லை. நன்றாக ஆறுதல் சொன்னாய் என்று மட்டும் கூறி, அக்கணமே அவளைத் தன் நெஞ்சிலிருந்து நீக்கிவிடுகிறாள். இரண்டே நாட்களில் ஒரு பெண் முதிர்ந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் உலக நாடக இலக்கியத்தில் அரிது.

செவ்வாய் இரவு அவள் தனியறையில் மருந்துக் குப்பியுடன் நிற்கிறாள். மருந்து வேலை செய்யாவிட்டால்? குறுவாளை அருகில் வைக்கிறாள். தான் செய்துவைத்த திருமணம் வெளிப்பட்டு அவமானம் நேராதிருக்கத் துறவியே நஞ்சைத் தந்திருந்தால்? அவரது இதுகாறுமான ஒழுக்கத்தை எண்ணிப் பார்த்து அவ்வையத்தை விலக்குகிறாள். ரோமியோ வருமுன் கல்லறையினுள் விழித்துவிட்டால்? மூச்சடைக்குமோ, பித்துப்பிடிக்குமோ என்று நடுங்குகிறாள். ஒவ்வோர் ஆபத்தையும் பெயர் சொல்லி அழைத்து, அதன் முகத்தைப் பார்த்த பின்பே குடிக்கிறாள். இதனை உணர்ச்சிவசப்பட்ட செயல் என்பவர்கள் அக்காட்சியைப் படித்தவர்களாக இருக்க முடியாது. அம்மருந்து சாவதற்கானதுமன்று. 42 மணி நேரம் உறங்கி எழுந்து, கணவனுடன் மாந்துவாவுக்குச் சென்று வாழ்வதற்கான மருந்து அது. இறப்பிலேதான் காதல் முழுமையடைகிறது என்று மயங்கும் நமது இளைஞர்க்கு இதனை அழுத்திச் சொல்வது ஆசிரியரின் கடமை. ஜூலியற் வாழ விரும்பினாள், வாழ்வதற்கே திட்டமிட்டாள்.

லோறன்ஸ் அடிகளார் நல்லவர். விரைந்தோடுவோர் இடறுவர் என்று போதித்தவரும் அவரே. ஆயினும், அன்று பிற்பகலே திருமணத்தை நடத்திவைத்தவர் அவர். இம்மணத்தால் இரு வீடுகளின் பகை அன்பாக மாறும் என்பது அவரது கணக்கு. பகைக்கு இடமளிக்கும் ஒழுங்கை எதிர்த்து வெளிப்படையாக ஒரு சொல் பேசாமல், மறைவான ஏற்பாடொன்றினால் அதனைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணும் சீர்திருத்தக்காரர்களின் முன்னோடி அவர். ஜூலியற் மணமானவள் என்ற உண்மையைக் கபுலெற்றிடமோ இளவரசனிடமோ அவர் சொல்லியிருக்கலாம். சொல்லத் துணியவில்லை. இறுதியில், கல்லறையிற் கணவனின் பிணத்தருகே விழித்தெழுந்த சிறுமியைத் தனியே விட்டுவிட்டு, காவலரின் காலடி ஓசைக்கு அஞ்சி ஓடுகிறார். நாடகத்தின் மிகப் பக்குவமான மனிதர் ஓடிவிட, அங்கு நின்றவள் அவள்தான்.

அப்படியாயின் எல்லாப் பழியையும் சமுதாயத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் அமைதியடையலாமா? முடியாது. மாந்துவாவிற் பொய்ச்செய்தி கேட்டவுடன் ரோமியோ, துறவியிடமிருந்து கடிதம் உண்டா என்று ஒருமுறை கேட்கிறான். இல்லையென்றதும், பொறுமையாயிருங்கள் என்று வேலைக்காரன் கெஞ்சியும் கேளாமல் நஞ்சு வாங்கப் புறப்படுகிறான். கல்லறை வாயிலிற் பரிஸைக் கொல்கிறான். தூண்டாதே, போய்விடு என்று முதலில் அவன் வேண்டிக்கொண்டது உண்மை. ஆனாலும், மலர் தூவ வந்த ஒரு மனிதனின் உயிர் அவன் கையால் போயிற்று. சூழ்நிலை இதனை விளக்கும், நியாயமாக்காது. மனிதன் சூழ்நிலையின் வெறும் பொம்மை என்று கூறுவோர், சூழ்நிலையை மாற்றும் ஆற்றலையும் அவனிடமிருந்து பறித்துவிடுகின்றனர். நாம் மறுப்பது ஒன்றையே. வாள் பிடித்த முதியவர்களை விட்டுவிட்டுத் தவணை கேட்ட சிறுமியை முதற்குற்றவாளியாக்கும் அந்தக் கணக்கையே.

அக்கணக்கு எவ்வளவு பிடிவாதமானது என்பதைச் சுவிஸ் எழுத்தாளர் கொட்பிரீட் கெல்லர் நன்கறிந்திருந்தார். 1847இல் சூரிச் நகரச் செய்தித்தாளொன்றில் வந்த செய்தியை அடிப்படையாகக் கொண்டு, கிராமத்து ரோமியோ ஜூலியற் கதையொன்றை அவர் எழுதி 1856இல் வெளியிட்டார். அங்கு பிரபுக்கள் இல்லை, உழவர் இருவர். இருவரின் வயல்களுக்கும் நடுவே கிடந்த நிலத்துண்டு உரிமையாளர் இன்றிக் கிடந்தது. உண்மையில் அதற்கு உரித்தாளி ஒருவன் இருந்தான். நாடோடியான ஒரு வயலின்காரன். பிறப்பை நிரூபிக்கும் பத்திரம் இல்லாத ஏழைக்கு நிலம் கொடுப்பார் யார்? ஒவ்வோர் ஆண்டும் உழும்போது இரு உழவர்களும் அத்துண்டில் ஒவ்வொரு சால் திருடினர். பின்னர் எஞ்சிய மூலை யாருக்கென்று வழக்காடி இரு குடும்பங்களும் அழிந்தன. அவர்களது பிள்ளைகள் சாலியும் விரென்ஷனும் காதலித்தனர். வீடில்லை, பணமில்லை, மணம்புரிய வழியில்லை. கையிலிருந்ததை விற்று ஒருநாள் முழுவதும் ஒன்றாக உண்டு, ஆடி, மகிழ்ந்து, வைக்கோற்படகில் ஏறி, குளிர்ந்த விடியலில் ஆற்றினுள் இறங்கினர். கதையின் கடைசியில் கெல்லர் தாமாக எதுவும் கூறவில்லை. செய்தித்தாள்கள் என்ன எழுதின என்று மாத்திரம் குறிப்பிடுகிறார். இளைஞரிடையே ஒழுக்கம் கெட்டு உணர்ச்சிகள் கட்டறுந்து பரவுவதற்கு இது ஓர் அடையாளம் என்று அவை எழுதினவாம். திருடப்பட்ட நிலத்தைப் பற்றி அவை ஒரு வரிகூட எழுதவில்லை.

வெரோனாவிலும் இறுதிக் காட்சி ஏறத்தாழ அவ்வாறே முடிகிறது. பிணங்களுக்கு முன்னால் இரு முதியவரும் கைகோத்துக்கொள்கின்றனர். ஜூலியற்றுக்குப் பசும்பொன்னிற் சிலை எழுப்புவேன் என்கிறார் மொந்தேகு. ரோமியோவுக்கு அதற்கு நிகரான சிலை எழும் என்கிறார் கபுலெற். சமாதானத்திலும் ஒருவரையொருவர் விஞ்சப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. சிலர் மன்னிக்கப்படுவர், சிலர் தண்டிக்கப்படுவர் என்று இளவரசன் அறிவிக்கிறான். யார் யார் என்று ஷேக்ஸ்பியர் கூறவில்லை. மாந்துவாவிலே எலும்பும் தோலுமாய் இருந்த மருந்துக்கடைக்காரன் ஒருவன், மரணதண்டனைக்குரிய குற்றமென்று அறிந்தும், தன் மனம் சம்மதியாமல் வறுமை சம்மதித்ததாற் 40 பொற்காசுக்கு ரோமியோவிடம் நஞ்சை விற்றிருந்தான். புறூக்கின் கதையிலே தீர்ப்பு விவரமாக உண்டு. துறவி விடுவிக்கப்பட்டார். செவிலித்தாய் நாடு கடத்தப்பட்டாள். மருந்துக்கடைக்காரன் தூக்கிலிடப்பட்டான்.